கானாடுகாத்தான் அம்பாசிடர்: கரண்ட் திரும்பி வரும் வழி

2024 டிசம்பர் கடைசி வாரம், நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் இருந்து போன் வந்தது. பேசியது அந்த வீட்டுப் பெரிய ஆச்சி. "தம்பி, எங்க வீட்டு அம்பாசிடர் ரெண்டு வருசமாப் படுத்துது. ஆடிலேருந்து சுத்தமா ஸ்டார்ட் ஆகலை. மகன் மெட்ராஸ்லேருந்து நோன்புக்கு வர்றான். அதுக்குள்ள ஓட வச்சுத் தருவியா?" என்றார். வந்து பார்க்கிறேன் ஆச்சி என்று மட்டும் சொன்னேன். பார்க்காமல் நாள் குறித்துக் கொடுப்பது என் வழக்கம் இல்லை.

காரைக்குடியில் பட்டறை வைத்து 28 வருடம் ஆகிறது. இந்த வண்டியில் நடந்ததை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. எனக்கு முன்னால் இதில் கை வைத்தவர்கள் தொழில் தெரியாதவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் செய்த வேலை சுத்தமாக இருந்தது. ஆனாலும் வண்டி எடுக்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களும், புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களும் இதைப் படித்தால் ஒரு பேட்டரியாவது மிச்சமாகும்.

வண்டியும் அதன் கதையும்

1984 மாடல் மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. அப்போது சிவகங்கை மாவட்டமே கிடையாது, 1985-ல்தான் பிரித்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கிறது. வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற நீளமான வீடு. பின்தெருப் பக்கம் ஓடு போட்ட கொட்டகையில் வண்டி நின்றது. மேலே பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். வேட்டியை எடுத்ததும் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. 40 வருட வண்டிக்கு இப்படி ஒரு பெயிண்டா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்த ஆச்சரியத்தை நான் அப்போதே கேள்வியாக்கி இருக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் ஸ்பேனரைத் தொடவில்லை. வீட்டு டிரைவர் அண்ணன் 30 வருடமாக அங்கே இருக்கிறார். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வண்டிக்கு என்னென்ன நடந்தது என்று தேதிவாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

2022 மழைக்காலம் முடியும்போது செல்ஃப் மந்தமாகச் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. 2023 ஜனவரியில் புது பேட்டரி. ஒரு வாரம் நன்றாக இருந்த மாதிரி தெரிந்தது, பிறகு பழையபடி. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டும் புதிது. இடையில், டேஷ்போர்டில் இருந்து கார்பரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் இறுகிப் போய் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் இன்னொரு பேட்டரி. அதற்குப் பிறகு தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வது. நம் ஊர்த் தெருக்கள் அகலம், நேர்க்கோடு, நாலு பையன்கள் இருந்தால் போதும், இரண்டாவது கியரில் விட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். ஆடி மாதம் ஒரு நாள் அதுவும் நின்றுபோனது. தெருக்கோடி வரைக்கும் தள்ளியும் ஒரு தும்மல்கூட இல்லை. அன்றைக்குக் கொட்டகையில் விட்டதுதான்.

இரண்டு பேட்டரி 11,000, செல்ஃப் வேலை 3,200, சோலினாய்டு 900, சோக் கேபிள் இரண்டும் 700. மொத்தம் 15,800 ரூபாய்.

இந்தக் கதையிலேயே பாதி விடை இருக்கிறது. செல்ஃப் எடுக்காத காலத்தில் தள்ளினால் உடனே பிடித்தது என்றால், அப்போது பெட்ரோலும் கரண்டும் சரி, சுற்றிவிடும் பக்கம் மட்டும்தான் கோளாறு. ஆடியில் தள்ளியும் பிடிக்கவில்லை என்றால், அது வேறு கோளாறு, பிறகு வந்து சேர்ந்தது. ஆக இந்த வண்டிக்கு வியாதி ஒன்று இல்லை, குறைந்தது இரண்டு. ஒன்றைச் சரிசெய்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் "அது இல்லை போல" என்று பழையதைத் திரும்ப மாட்டிவிடக் கூடாது. டைரியில் இதை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் பானட்டைத் திறந்தேன்.

முதல் கோளாறு: செல்ஃப்

பேட்டரியை என் சார்ஜரில் போட்டு எடுத்தேன். நின்ற நிலையில் 12.5 வோல்ட். இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஸ்பார்க் தரும் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, டிரைவர் அண்ணனை செல்ஃப் கொடுக்கச் சொன்னேன். மோட்டார் 'ர்ர்... ர்ர்...' என்று முனகி, இன்ஜினை அரைச் சுற்று சுற்றி நின்றது. அந்த நேரத்தில் பேட்டரி முனையில் மீட்டர் காட்டியது 11.1 வோல்ட்.

இந்த 11.1 முக்கியமான எண். செல்ஃப் கொடுக்கும்போது பேட்டரி இறங்கவே செய்யும். பத்துக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, ஒன்பதரைக்குக் கீழே போனால் பேட்டரியையோ மோட்டாரையோ சந்தேகப்படலாம். மோட்டார் உள்ளே இறுகியிருந்தால் அது கரண்டை வாரி இழுக்கும், பேட்டரி இன்னும் கீழே போகும். இங்கே மோட்டார் தவிக்கிறது, பேட்டரியோ அலட்டிக்கொள்ளாமல் 11.1-ல் நிற்கிறது. அப்படியென்றால் பேட்டரியில் இருந்து மோட்டாருக்குப் போதிய கரண்ட் போய்ச் சேரவே இல்லை. நடுவில் ஏதோ ஒன்று மறிக்கிறது. இரண்டு பேட்டரி வாங்கும் முன்பு இந்த ஒரு ரீடிங் எடுத்திருந்தால் 11,000 ரூபாய் ஆச்சியின் கையிலேயே இருந்திருக்கும்.

பேட்டரி பாசிட்டிவ் முனையில் இருந்து செல்ஃப் மோட்டார் முனை வரைக்கும், செல்ஃப் கொடுத்தபடி, எவ்வளவு வோல்ட் வழியில் விழுகிறது என்று பார்த்தேன். 0.4. கேபிள், சோலினாய்டு இரண்டும் சேர்த்து அது ஒத்துக்கொள்ளக்கூடியது. சரி, போகிற பாதை நல்ல பாதை.

திரும்பி வருகிற பாதை? இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்து பாடிக்கு ஒரு செம்பு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். மோட்டாருக்குள் போன கரண்ட் முழுவதும் அந்தப் பட்டை வழியாகப் பாடிக்கு வந்து, பாடியில் இருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். நானும் முதலில் மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்துத்தான் பார்த்தேன். இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே தாராளமாக 'பீப்' அடித்தது. எனக்கு முன்னால் பார்த்த எலக்ட்ரீசியனும் "எர்த் செக் பண்ணியாச்சு" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மீட்டரும் 'பீப்' அடித்திருக்கும்.

அதே இடத்தில் மீட்டரை வோல்ட்டில் வைத்தேன். ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும், இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவின் ஈய முனையிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "குடுங்கண்ணே" என்றேன்.

4.1 வோல்ட்.

அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. நல்ல எர்த்தில் 0.2 இருக்கும். கணக்குப் போட்டால், பேட்டரி கொடுத்த 11.1-ல் போகும் வழியில் 0.4-ம் வரும் வழியில் 4.1-ம் போய், மோட்டாருக்கு மிஞ்சியது 6.6 வோல்ட்தான். அதில் எந்த மோட்டார் சுற்றும்? புது பிரஷ் போட்டாலும் அதே முனகல்தான்.

'பீப்' ஏன் ஏமாற்றியது என்பதைப் பையன்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் அப்போது ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொண்டால், 4.1 வோல்ட் விழுவதற்கு வெறும் 0.04 ஓம் தடை போதும். நம் கையில் இருக்கும் மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அதைவிடக் கூடுதல் தடை இருக்கும். அது எப்படி 0.04-ஐக் கண்டுபிடிக்கும்? சில மில்லி ஆம்பியரை அனுப்பிப் பார்த்துவிட்டு, பாதை இருக்கிறது என்று சத்தம் போடும். ஒற்றையடிப் பாதையும் பாதைதான். அதில் சைக்கிள் போகும், லாரி போகாது. அதனால் கனத்த கரண்ட் ஓடுகிற இடத்தை, கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது தடவை அளக்கும்போது, கார்பரேட்டர் பக்கம் கை வைத்திருந்த என் பையன் வெடுக்கென்று கையை இழுத்தான். "அண்ணே, சோக் கேபிள் சுடுது!"

குனிந்து பார்த்தேன். கேபிளின் மேல் உறை டேஷ்போர்டுக்குள் நுழையும் இடத்தில் கருத்து, உருகி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து நூல் மாதிரி மெல்லிய புகை ஒன்று எழுந்து, பானட் தட்டில் பட்டுக் கலைந்தது. கிரீஸ் கருகிய வாடை. பிறகு அந்தக் கேபிளை வெளியே எடுத்து, உள்ளே இருந்த கம்பியை வெயிலில் காட்டினால், ஒரு சாண் நீளத்துக்கு நீலம் ஓடியிருந்தது. இரும்பைக் காய்ச்சினால் வருமே, அந்த நீலம்.

டிரைவர் அண்ணன் சொன்ன ஒரு வரி அப்போதுதான் உறைத்தது. சோக் கேபிள் இரண்டு தடவை இறுகிப் போனது. எர்த் பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், இன்ஜினில் இருந்து பாடிக்குப் போக வேறு இரும்பு எங்கே கிடைக்கிறது என்று தேடி, கார்பரேட்டர் வழியாகச் சோக் கேபிளைப் பிடித்து டேஷ்போர்டுக்கு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை செல்ஃப் கொடுக்கும்போதும் அந்த மெல்லிய கம்பி வெந்து, கிரீஸ் கருகி, இறுகியிருக்கிறது. கார்பரேட்டரை ஒட்டி இப்படி ஒரு கம்பி பழுக்கக் காய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் எதுவும் பற்றிக்கொள்ளாமல் இரண்டு வருடம் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. எந்த வண்டியிலாவது சோக் கேபிளோ, ஆக்ஸிலேட்டர் கேபிளோ, ஸ்பீடாமீட்டர் கேபிளோ காரணம் இல்லாமல் அடிக்கடி போனால், தயவுசெய்து அன்றைக்கே எர்த்தைப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிரூபணம் வேண்டும். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவில் இருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டினேன். செல்ஃப் கொடுத்ததும் இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது. டிரைவர் அண்ணன் சீட்டில் இருந்து இறங்கி வந்து, அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. வண்டி நின்றுபோனதற்கு அவரைத்தான் எல்லாரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பட்டை ஏன் கெட்டது?

வண்டிக்கு அடியில் படுத்தேன். பட்டை அறுந்திருக்கவில்லை, போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால், பட்டை முனையில் இருக்கும் லக் (போல்ட் மாட்டும் உலோகக் காது) உட்காரும் இடத்தில் பாடி இரும்பே தெரியவில்லை. அண்டர்கோட்டிங், அதற்கு மேல் பெயிண்ட், அதற்கு மேல் லக். போல்ட்டின் மரை மட்டும் எங்கோ ஓரத்தில் இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதிலும் துரு. செம்புப் பின்னல் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது.

மேலே வந்து ஆச்சியிடம் கேட்டேன், "ஆச்சி, வண்டிக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

"அது மகனோட சாந்திக் கல்யாணத்துக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, அடிச்சது தம்பி. 2022 வைகாசில விசேஷம், சித்திரைல அடிச்சோம். அவுக அப்பச்சி வாங்குன வண்டியாச்சே, அதுலதான் பொண்ணு மாப்பிள்ளை கோயிலுக்குப் போகணும்னு நின்னேன்."

எல்லாம் பொருந்தியது. அடியில் டிங்கரிங் பார்க்க பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். கோட்டிங் அடித்து, பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே பட்டையைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வெயில்காலத்தில் மரையின் பிடிமானமே போதுமானதாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த ஓரம் துருப்பிடித்ததும் செல்ஃப் மந்தமானது. இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் இருந்ததால் பெயிண்டையும் செல்ஃபையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் கேட்டதும் "வண்டிக்கு என்ன ரிப்பேர் பார்த்தீங்க" என்றுதான். பெயிண்ட் அடித்தது ரிப்பேர் கணக்கில் வரவில்லை. இப்போதெல்லாம் "கோளாறு வர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடிலேருந்து வண்டிக்கு என்ன வேலை நடந்தாலும் சொல்லுங்க, சீட் தைச்சிருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்கிறேன்.

லக் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். புதுப் பட்டை 280 ரூபாய். பல்வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். தடவிவிட்டு இறுக்கக் கூடாது, இறுக்கிவிட்டுத்தான் தடவ வேண்டும். எர்த் வீழ்ச்சி 0.15-க்கு வந்தது. பேட்டரி செல்ஃப் நேரத்தில் 10.4. மோட்டாருக்கு இப்போது 9.8-க்கு மேல் கிடைக்கிறது. புதுச் சோக் கேபிள் மாட்டினோம். அது குளிர்ந்தே இருந்தது.

இரண்டாவது கோளாறு

காயில் வயரை மாட்டி செல்ஃப் கொடுத்தோம். நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பதால் யாரும் சோர்ந்துபோகவில்லை.

காயிலின் நடு வயரை இன்ஜினில் இருந்து கால் இஞ்ச் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், ஸ்பார்க் மஞ்சளாக, இளைத்து, நாலு தடவைக்கு ஒரு தடவைதான் வந்தது. நல்ல ஸ்பார்க் நீலமாக, 'டக் டக்' என்று சத்தத்தோடு விழ வேண்டும். (இந்தச் சோதனையைப் பெட்ரோல் குழாய் எதையும் திறப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.) இந்த இடத்தில் வழக்கமாகப் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சுவிட்ச்), கண்டென்சர், காயில் மூன்றையும் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். நான் மறுபடியும் மீட்டரைத்தான் எடுத்தேன்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது, காயிலில் இருந்து, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே 1.9 காட்டியது, நிலையாகவும் இல்லை. பாயிண்ட் தட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நகர்த்தினால் 3-க்குத் தாவியது, விட்டால் ஒன்றரை. பாயிண்ட் முகங்களுக்கு நடுவே மட்டும் அளந்தால் 0.1. ஆக பாயிண்ட் சரி. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவேதான் கோளாறு. அதாவது இதுவும் எர்த்.

இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நூல் உறை போட்ட சின்ன வயர் ஒன்று இருக்கும், விரல் நீளம்கூட வராது. வேக்குவம் இழுப்புக்கு ஏற்ப பாயிண்ட் தட்டு அசைந்துகொண்டே இருப்பதால், தட்டில் இருந்து உடம்புக்கு எர்த் கொடுக்க அதைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் அது மடங்கி நிமிரும். 40 வருடம் மடங்கி நிமிர்ந்ததில் உறைக்குள்ளேயே இழைகள் எல்லாம் அறுந்துவிட்டன. வெளியே பார்த்தால் வயர் முழுசாகத்தான் தெரிந்தது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்ததும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு தொடர்ச்சியாக இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்குப் பதிலாகச் சாதாரண பிளாஸ்டிக் வயரைப் போட்டால் அது விறைப்பு. தட்டை அசைய விடாது, சீக்கிரம் முறிந்தும் போகும். பட்டறையில் கிடந்த ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து நல்ல வயரை எடுத்து மாட்டினேன். முகங்களைத் துடைத்து பாயிண்ட் இடைவெளி 0.015 இஞ்ச், பிளக் 0.025 இஞ்ச் வைத்தேன். முன்பு 1.9 காட்டிய இடத்தில் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு இறங்கியது. ஸ்பார்க் நீலமானது. கண்டென்சரும் காயிலும் பழையவைதான், இன்றைக்கும் அவையே ஓடுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதன் எர்த்தும் அதே பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். செல்ஃப் கொடுக்கும்போது அங்கே 4 வோல்ட் போய்விட்டால் காயிலுக்கும் ஏழு வோல்ட்தான் மிஞ்சும். அதனால்தான் செல்ஃபில் அரைகுறையாகச் சுற்றினாலும் வண்டி பிடிக்காமல், செல்ஃப் வேலையே இல்லாமல் தள்ளும்போது உடனே பிடித்தது. உள் வயர் முழுதாகக் கைவிட்டதும் அதுவும் நின்றது.

பெட்ரோல்

ஐந்து மாதம் நின்ற பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம். நிறம் மங்கி, புளித்த வாடை, அடியில் தனியாக ஒரு தண்ணீர்ப் படலம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். டேங்கைக் காலி செய்து, ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, கார்பரேட்டரின் ஃப்ளோட் அறையில் ஒட்டியிருந்த பிசினைக் கழுவினோம். டேங்கில் இருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப் நன்றாக இருந்தது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

முடிவும் மறுபார்வையும்

மூன்றாம் நாள் சாயங்காலம். ஆச்சி பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் அண்ணன் சோக்கை இழுத்து செல்ஃப் கொடுத்தார். இரண்டு சுற்று, பிடித்துக்கொண்டது. சோக்கை மெதுவாக உள்ளே விட்டதும் பழைய அம்பாசிடரின் அந்தக் கனமான சத்தம் கொட்டகை முழுக்க நிறைந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டில் நிறுத்தி, ஐந்து தடவை திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தோம். மறுநாள் காலை நான் போகாமல் அவரையே தனியாக எடுக்கச் சொன்னேன். ஒரே தடவையில் எடுத்ததாக ஆறே கால் மணிக்குப் போன் செய்தார். நோன்புக்கு வந்த மகன் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் அதிலேயே போய்வந்தார்.

மாசியில் ஒரு தடவை போய் அளந்து பார்த்தேன். எர்த் வீழ்ச்சி 0.16, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் 0.2. சோக் கேபிள் ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. ஐப்பசி மழை முடிந்ததும் பட்டையை மறுபடியும் கழற்றிப் பார்க்க டைரியில் குறித்திருக்கிறேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் லேசான கசிவு தெரிகிறது, அதை அடுத்த தடவை மாற்ற வேண்டும்.